செயற்கை எலும்பு உடம்பில் ஒட்டுமா? தேவகோட்டையிலிருந்து ஒரு கேள்வி

தேவகோட்டையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பச்சி முகப்புப் படியில் தவறி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல்தட்டு உள்ளே அமுங்கிவிட்டது. பிளேட் வைத்து, பள்ளத்தில் செயற்கை எலும்பு நிரப்ப வேண்டும் என்கிறாராம் டாக்டர். "அது மாட்டெலும்பா? அவர் எலும்பையே எடுத்து வைத்தால் என்ன?" என்று கேட்கிறார்.

மாட்டெலும்பைப் பதப்படுத்திச் செய்வதும் உண்டு, பல் சிகிச்சையில் அதிகம். செயற்கை என்றால் பெரும்பாலும் ஆய்வகத்தில் தயாரித்த கால்சியம் பாஸ்பேட். நம் எலும்பின் தாதுவும் அந்த வகைதான், அதனால் உடம்பு அதை வேற்றுப்பொருளாக விரட்டுவதில்லை. வெள்ளைத் துகள்கள், உள்ளெல்லாம் நுண்துளை. ஆபரேஷனில் நோயாளியின் ரத்தத்தைச் சொட்டினால் அப்படியே உறிஞ்சிச் சிவந்துவிடும். அந்தத் துளை வழியாகத்தான் ரத்தக்குழாயும் புது எலும்பும் உள்ளே வளரும்.

ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். அந்தத் துகள் எலும்பை உண்டாக்காது. பழைய வீட்டைப் பழுது பார்க்கச் சாரம் கட்டுகிறோமே, அதுபோலத்தான். கட்டுவது அப்பச்சியின் உடம்பு. இந்தத் துகளில் ஒரு வகையான பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் மாதக்கணக்கில் மெதுவாகக் கரைந்து எலும்புக்கு இடம் விடும். இன்னொரு வகையான ஹைட்ராக்ஸிஅபடைட் பல வருடம் அங்கேயே இருக்கும். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள்.

சொந்த எலும்பில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. முறிவு கூடாமலே நிற்கிறவர்களுக்கு நான் இன்றும் அதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் அதை இடுப்பெலும்பிலிருந்து எடுக்க வேண்டும். இன்னொரு காயம், சிலருக்கு மாதக்கணக்கில் அங்கே வலி. அப்பச்சிக்கு இருப்பது வெறும் பள்ளம், சுற்றிலும் நல்ல எலும்பு. இதற்குச் செயற்கையே போதும். இதே முறிவில், உள்ளே வைத்ததும் இறுகும் கால்சியம் பாஸ்பேட் சிமென்ட்டை வட அமெரிக்காவில் சொந்த எலும்போடு ஒப்பிட்டார்கள். 2008-ல் வந்த அந்த முடிவில், சிமென்ட் வைத்தவர்களுக்குத்தான் எலும்பு மறுபடி அமுங்குவது குறைவு.

துகள் தனியாகப் பாரம் தாங்காது. அதற்குத்தான் பிளேட். டாக்டர் சொல்லும் வரை அந்தக் காலை ஊன்றவே கூடாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். பீடி சிகரெட், புகையிலை எது இருந்தாலும் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள், எலும்பு கூடுவதை அது கெடுக்கும்.

அப்புறம், வைத்த பொருளின் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வேறு டாக்டர் எக்ஸ்ரே பார்க்கும்போது தேவைப்படும்.