வெட்டி அனுப்பிய சீட்டுகளும் எட்டு ஆண்டுகளும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

கொடிய குற்றம் செய்த சிறாருக்கு அயல்நாட்டு நீதிமன்றங்கள் விதிக்கும் தண்டனையை அந்நாட்டு மக்கள் எவ்வாறு எதிர்கொள்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். இதற்காகப் பல நாடுகளைச் சுற்றிவர நான் விரும்பவில்லை. இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில், செஃப்டன் என்னும் ஒரே உள்ளாட்சி எல்லைக்குள், முப்பத்தோராண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு துயரங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 1993 இல் பூட்டில் என்ற ஊரில் தொடங்கியது. மற்றொன்று 2024 இல் சவுத்போர்ட்டில் நடந்தது. இரண்டும் ஒரே ரயில் பாதையில் அமைந்த ஊர்கள்.

1993 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. பூட்டிலில் உள்ள ஸ்டிராண்ட் கடைவளாகத்தில், தாய் இறைச்சிக் கடையில் நின்றிருந்த சில நொடிப்பொழுதில், மூன்று வயது நிறைவதற்கு ஒரு மாதமே இருந்த ஜேம்ஸ் பல்கர் என்ற குழந்தை காணாமற்போனான். கண்காணிப்புக் கேமராவில் பதிந்திருந்த மங்கலான படம் ஒன்றை அந்த நாடே பார்த்தது. ஒரு சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டு, அவனை முழுதாக நம்பி, குழந்தை நடந்துபோகிற படம் அது. இரண்டு நாட்களுக்குப் பிறகு வால்டன் பகுதி ரயில் தண்டவாளத்தில் குழந்தையின் உடல் கிடைத்தது. அழைத்துச் சென்றவர்கள் இருவர். இருவருக்கும் வயது பத்து. குழந்தைக்கு நேர்ந்ததை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. நெஞ்சு தாங்காத கொடுமை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த இரண்டரை மைல் தூரத்தில் அவர்களைப் பார்த்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர் என்பது பின்னர் வழக்கில் தெரியவந்தது. அழுதுகொண்டிருந்த குழந்தையைக் கண்டு சிலர் நின்று விசாரித்தும் இருக்கிறார்கள். வழிதவறிய குழந்தை, காவல் நிலையத்துக்கு அழைத்துப் போகிறோம் என்பது போன்ற பதில்களை நம்பி, அவர்கள் தங்கள் வழியே போய்விட்டார்கள். அந்த இடத்தில் நாம் இருந்திருந்தாலும் நம்பியிருப்போம். இரண்டு பள்ளிச் சிறுவர்கள் ஒரு குழந்தையைக் கொல்வதற்காகக் கூட்டிச் செல்கிறார்கள் என்று யாருக்குத்தான் தோன்றும்? பின்னர் எழுந்த மக்கள் கோபத்தின் அடியில் இந்த முப்பத்தெட்டு என்ற எண்ணும் கிடந்தது என்றே நான் கருதுகிறேன். தடுத்திருக்கலாமே என்ற குற்றவுணர்வுக்குப் போக்கிடம் கிடையாது. அது பெரும்பாலும் சினமாகத்தான் வெளிவரும். நீதிமன்றத்துக்குச் சிறுவர்களைக் கொண்டுவந்த வண்டியின் மீது கூட்டம் பாய்ந்தது. சமூகம் இன்னும் சற்று அதிகமாகக் கண்டிக்க வேண்டும், சற்றுக் குறைவாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அப்போதைய பிரதமர் ஜான் மேஜரே கூறினார்.

1993 நவம்பரில் பிரஸ்டன் நகர நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. இங்கிலாந்தில் பத்து வயது நிறைந்தவரைக் குற்றப் பொறுப்புள்ளவராகச் சட்டம் கருதுகிறது. ஜெர்மனியில் அந்த வயது 14, நார்வேயில் 15. ஆகவே பெரியவர்களுக்குரிய நீதிமன்றத்திலேயே, அங்கியும் பொய்முடியும் அணிந்த வழக்கறிஞர்களின் நடுவே, எட்டிப் பார்க்க முடியாத உயரமுள்ள குற்றவாளிக் கூண்டின் தளத்தை அவர்களுக்காக உயர்த்திக் கட்டி, அந்தச் சிறுவர்களை உட்காரவைத்தார்கள். அவை அமரும் நேரம் மட்டும் பள்ளி நேரத்தை ஒட்டிக் குறைக்கப்பட்டது. குற்றம் உறுதியானதும், அதுவரை குழந்தை ஏ, குழந்தை பி என்று மட்டுமே குறிக்கப்பட்ட இருவரின் பெயர்களையும் வெளியிட நீதிபதி அனுமதித்தார். மறுநாள் அவர்களது படங்கள் இல்லாத செய்தித்தாள் இல்லை. இன்று அவர்கள் வேறு பெயர்களில் இருக்கிறார்கள். அந்தப் பழைய பெயர்களை இந்த உரையில் நான் சொல்ல விரும்பவில்லை.

இந்த இடத்தில் தண்டனையின் அமைப்பைச் சற்று விளக்கியாக வேண்டும், ஏனென்றால் மக்களின் கொதிப்பில் ஒரு பாதி இதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்தது. கொலைக் குற்றம் புரிந்த சிறாருக்கு அந்நாட்டுச் சட்டம் விதிப்பது, அரசியாரின் (இப்போது மன்னரின்) விருப்பம் உள்ளவரை காவலில் இருத்தல் என்னும் தண்டனையாகும். அதற்கு முடிவுத் தேதி கிடையாது. செய்த குற்றத்துக்கான தண்டனையாக இத்தனை ஆண்டுகள் கட்டாயம் உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு குறைந்தபட்சக் காலம் குறிக்கப்படும். அந்தக் காலம் முடிந்த நாளில் கதவு தானாகத் திறந்துவிடாது. வெளியே விடுவது ஆபத்தில்லை என்று பரோல் வாரியம் நம்பினால்தான் விடுதலை. விடுதலையான பிறகும் ஆயுள் முழுவதும் நிபந்தனைக்கு உட்பட்ட வாழ்க்கைதான், மீறினால் மீண்டும் சிறைதான். ஆனால் செய்தித்தாளின் தலைப்பில் எட்டு ஆண்டு என்று மட்டும் அச்சாகும்போது, எட்டாவது ஆண்டில் கணக்குத் தீர்ந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

வழக்கை விசாரித்த நீதிபதி மோர்லண்ட் பரிந்துரைத்த குறைந்தபட்சக் காலம் எட்டு ஆண்டு. தலைமை நீதிபதி டெய்லர் பிரபு அதைப் பத்தாக்கினார். ஆனால் அன்றைய சட்டப்படி இறுதி எண்ணைக் குறிக்கும் அதிகாரம் நீதிபதிகளிடம் இல்லை, உள்துறை அமைச்சரிடம் இருந்தது. அமைச்சர் மைக்கேல் ஹோவர்டின் மேசைக்கு மக்களின் கோரிக்கைகள் வந்து குவிந்தன. சிறுவர்களை ஆயுள் முழுவதும் அடைத்துவைக்கக் கோரிய விண்ணப்பத்தில் ஏறத்தாழ 2,78,300 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். குறைந்தது 25 ஆண்டு கேட்டு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் அளித்த விண்ணப்பத்தில் 5,900 கையெழுத்துகள். இவற்றோடு, ‘தி சன்’ நாளிதழ் தன் பக்கத்தில் அச்சிட்டிருந்த சீட்டைக் கத்தரித்து அனுப்பியவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். 1994 ஜூலையில் அமைச்சர் பதினைந்து ஆண்டு என்று முடிவு செய்தார்.

அந்தச் சீட்டை அனுப்பியவர்களை நான் இகழ மாட்டேன். ஒரு குழந்தையின் சாவுக்காக இருபதாயிரம் வீடுகளில் யாரோ ஒருவர் கத்தரிக்கோலைத் தேடி எடுத்திருக்கிறார், உறையில் முகவரி எழுதித் தபாலில் சேர்த்திருக்கிறார் என்பதை நினைத்துப் பார்த்தால், அதில் இருக்கும் அக்கறை எனக்கு மதிப்புக்குரியதாகவே படுகிறது. ஆனால் அந்தச் சீட்டை நிரப்பியவர் விசாரணையின் சாட்சியங்களைக் கேட்டவரல்லர்; உளவியல் மருத்துவர்களின் அறிக்கைகளைப் படித்தவரல்லர்; எட்டு என்பது குறைந்தபட்சம்தான் என்பதைக்கூட அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவருடைய துயரம் உண்மையானது. அந்தத் துயரத்தை ஆண்டுக் கணக்காக மாற்றி, பத்து வயதில் குற்றம் புரிந்த ஒருவனின் சிறைவாசத்தோடு கூட்டியதுதான் பிழை.

அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக அப்போது விளங்கிய பிரபுக்கள் அவை 1997 ஜூனில் பெரும்பான்மைத் தீர்ப்பாக இதையே சொன்னது. காஃப் பிரபு அந்தத் தீர்ப்பில் காட்டிய வேறுபாட்டை, இந்தப் பொருள் பற்றிச் சொல்லப்பட்டவற்றுள் மிகத் தெளிவானது என்று நான் எண்ணுகிறேன். ஒரு வகைக் குற்றம் பெருகுகிறதே, அதைச் செய்பவர்கள் தக்கபடி தண்டிக்கப்பட வேண்டுமே என்ற பொதுவான மக்கள் கவலை ஒன்று. தண்டனை பரிசீலனையில் இருக்கும் குறிப்பிட்ட ஒருவரைப் பிடித்து, இவரைக் கடுமையாகத் தண்டியுங்கள் என்று எழும் ஆரவாரம் மற்றொன்று. முன்னதைக் கருத்தில் கொள்ளலாம், பின்னதைக் கொள்ளலாகாது. தண்டனைக் காலத்தைக் குறிக்கும்போது அமைச்சர் ஒரு நீதிபதியின் இடத்தில் இருக்கிறார், எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதும் முன் கையெழுத்துகளை எண்ணிப் பார்ப்பதில்லை. பதினைந்தாண்டு முடிவு செல்லாதென்று ஆயிற்று.

1999 டிசம்பரில் ஸ்டிராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும், அந்த வயதுச் சிறுவர்கள் அப்படியொரு சூழலில் தங்கள் வழக்கில் பங்கெடுத்திருக்கவே முடியாதென்றும், தண்டனைக் காலத்தை ஓர் அரசியல்வாதி குறிப்பது முறையன்று என்றும் தீர்ப்பளித்தது. அதன் பின் சிறார் வழக்குகளில் அந்த அதிகாரம் நீதிபதிகளின் கைக்கு வந்தது. 2000 அக்டோபரில் தலைமை நீதிபதி உல்ஃப் பிரபு மீண்டும் எட்டு என்ற எண்ணுக்கே வந்தார். பதினெட்டு வயதானதும் அவர்களை இளங்குற்றவாளிகளுக்கான சிறைக்கு மாற்ற வேண்டியிருக்கும், அங்குள்ள அரித்துத் தின்னும் சூழல் இதுவரை ஏற்பட்ட திருத்தத்தை அழித்துவிடும் என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. 2001 ஜூனில் இருவரும் விடுதலையானார்கள். புதிய பெயர்களும், அடையாளத்தை வெளியிடக் கூடாதென்ற ஆயுட்காலத் தடையாணையும் அவர்களுக்குக் கிடைத்தன.

இதற்குப் பின் நடந்ததை மறைத்துவிட்டுப் பேசினால் நான் நேர்மையற்றவனாவேன். அவ்விருவரில் ஒருவர், குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு உட்படுத்தும் படங்களை வைத்திருந்த குற்றத்துக்காக 2010 இல் மீண்டும் சிறைக்குப் போனார். 2018 இல் அதே வகைக் குற்றத்துக்காக மீண்டும் தண்டிக்கப்பட்டார். மற்றவர் மீண்டும் குற்றம் செய்ததாகச் செய்தி இல்லை. ஒரே நாளில், ஒரே கொலைக்காக, ஒரே வயதில், ஒரே தண்டனை பெற்ற இருவர் இப்படி இரு வேறு வழிகளில் போயிருக்கிறார்கள். நாங்கள் அன்றே சொன்னோமே என்பவர்கள் முதலாமவரைக் காட்டுகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பத்து வயதில் இருவரையும் பார்த்து, இவன் குற்றத்துக்குத் திரும்புவான், இவன் திருந்துவான் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடிந்திருக்காது. அதனால்தான் குறைந்தபட்சக் காலத்துக்குப் பிறகு பரோல் வாரியம் என்ற ஒன்றையும், ஆயுட்கால நிபந்தனையையும் சட்டம் வைத்திருக்கிறது. முதலாமவரைத் திரும்ப உள்ளே கொண்டுவந்ததும் அதே நிபந்தனைதான். அவரை விடுவிக்கப் பரோல் வாரியம் 2023 டிசம்பரில் மறுத்துவிட்டது.

1993 இல் எழுந்த மக்கள் கோபம் சட்டத்துக்குள்ளும் நுழைந்தது. பத்து முதல் பதினான்கு வயதுக்கு உட்பட்ட சிறார், தாம் செய்வது கடுமையான தவறு என்பதை அறிந்தே செய்தார்கள் என்று அரசுத் தரப்பு தனியாக மெய்ப்பிக்க வேண்டும் என்னும் மிகப் பழைய பாதுகாப்பு ஒன்று ஆங்கிலச் சட்டத்தில் இருந்தது. பல்கர் வழக்கிலும் அரசுத் தரப்பு அதை மெய்ப்பித்துத்தான் வென்றது. அதாவது அந்தப் பாதுகாப்பு யாரையும் தப்பவிடவில்லை. ஆயினும் 1998 இல் டோனி பிளேர் அரசு அதை நீக்கிவிட்டது. கடையில் எதையோ திருடிய பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கும் அன்றோடு அது இல்லாமற்போயிற்று. இது எனக்குப் பெரும் இழப்பாகவே படுகிறது.

இனி சவுத்போர்ட். 2024 ஜூலை 29 அன்று, கோடை விடுமுறை நடன வகுப்பு ஒன்றில் புகுந்து, ஆறு, ஏழு, ஒன்பது வயதுள்ள மூன்று சிறுமிகளை ஓர் இளைஞன் கத்தியால் குத்திக் கொன்றான். மேலும் எட்டுக் குழந்தைகளும் இரண்டு பெரியவர்களும் காயமுற்றார்கள். கைதானவனின் வயது பதினேழு என்பதால் அடையாளத்தை வெளியிடச் சட்டம் இடந்தரவில்லை. அந்த வெற்றிடத்தில் பொய் புகுந்தது. படகில் வந்து புகலிடம் கேட்டவன் என்ற புரளி இணையத்தில் பரவியது. மறுநாளே சவுத்போர்ட்டின் பள்ளிவாசலை ஒரு கூட்டம் தாக்கியது. அடுத்த சில நாட்களில் கலவரம் பல நகரங்களுக்குப் பரவி, ராதர்ஹாம் அருகே புகலிடம் கோரியோர் தங்கியிருந்த விடுதிக்குத் தீ வைக்கும் அளவுக்குப் போனது. கைதானவன் கார்டிஃப் நகரில் பிறந்தவன். புரளியை அடக்குவதற்காக ஆகஸ்ட் 1 அன்று ஒரு நீதிபதி அவன் பெயரை வெளியிட அனுமதித்தார். 1993 இல் தண்டனைக்குப் பின் பெயர் வெளிவந்தது. 2024 இல் விசாரணைக்கே முன்னர் வெளிவர வேண்டியதாயிற்று.

2025 ஜனவரி 23 அன்று நீதிபதி கூஸ் அவனுக்கு விதித்த குறைந்தபட்சக் காலம் 52 ஆண்டு. பூட்டில் வழக்கின் எட்டோடு இதை ஒப்பிடக் கூடாது. பத்து வயதும் பதினெட்டை எட்டவிருந்த வயதும் ஒன்றாகா, செயல்களும் ஒன்றாகா. இடையில் சட்டமும் மாறியிருந்தது. 2022 ஆம் ஆண்டுச் சட்டம் சிறார் கொலை வழக்குகளுக்கு வயதுக்கேற்பத் தொடக்கப் புள்ளிகளை வகுத்தது. பதினேழு வயதினரின் மிகக் கொடிய கொலைக்கு அது 27 ஆண்டு, பதினான்கும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு 15 ஆண்டு. மக்கள் கவலை சேர வேண்டிய இடம் இதுதான். நாடாளுமன்றத்தில் பேசி, வாக்களித்து, எல்லாருக்கும் பொதுவாக, இனி வரும் வழக்குகளுக்கு என்று எழுதப்படும் விதியில் அது சேரலாம்.

அந்த 52 ஆண்டும் போதாதென்று உடனே குரல்கள் எழுந்தன. பெரியவராக இருந்திருந்தால் சாகும்வரை வெளியே வர முடியாத தண்டனை விதித்திருக்கலாம். பதினெட்டு வயதாக ஒன்பது நாட்கள் இருந்ததால் சட்டம் அதற்கு இடந்தரவில்லை. ஒன்பது நாட்களா ஒருவனைக் காப்பாற்றுவது என்று கேட்டவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. வயது வரம்பு எங்கே போட்டாலும் அதன் இருபுறமும் சில நாட்கள் இருக்கத்தான் செய்யும். தண்டனை மிகக் குறைவு என்று கருதினால் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்புமாறு யாரும் கேட்கலாம் என்ற ஏற்பாடு அங்கே இருக்கிறது. அதன்படி கோரிக்கைகள் வந்தன. அரசின் தலைமைச் சட்ட அதிகாரி அவற்றைப் பரிசீலித்து, தண்டனை கூட்டப்பட வாய்ப்பில்லை என்று அனுப்ப மறுத்துவிட்டார். பதினெட்டு வயதுக்குக் கீழே செய்த குற்றத்துக்காக விடுதலைக்கே வழியற்ற ஆயுள் தண்டனை கூடாதென்று 1989 ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை சொல்கிறது. பிரிட்டன் அதை ஏற்ற நாடு. அந்த வரம்பை மாற்ற அரசும் முன்வரவில்லை.

இரண்டு நிகழ்வுகள் என்று சொல்லிவிட்டு மூன்றாவது ஒன்றையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் லிவர்பூலுக்கு அருகிலுள்ள வாரிங்டனில் பதினாறு வயதுப் பிள்ளை ஒருவர், அதே வயதை ஒட்டிய இருவரால் கொல்லப்பட்டார். குற்றவாளிகளுக்கு 22 ஆண்டும் 20 ஆண்டும் குறைந்தபட்சமாக விதிக்கப்பட்டன. இறந்த பிள்ளையின் தாய், கொன்றவர்களுள் ஒருத்தியின் தாயைப் பின்னர் தாமாகவே சந்தித்துப் பேசினார். ஜேம்ஸின் தாயோ முப்பது ஆண்டுகளாக, தன் மகனைக் கொன்றவர்கள் போதிய அளவு தண்டிக்கப்படவில்லை என்று சொல்லிவருகிறார். இந்த இரு தாய்மாரில் யார் சரி என்று கேட்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. அந்தத் தாய்மார் இருவரும் கோரலாம், எதையும் கோரலாம். பெற்றோர் பெயரைச் சொல்லிக்கொண்டு மற்றவர்கள் பேசும்போதுதான், எந்தப் பெற்றோரை அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், எவரை விட்டுவிடுகிறார்கள் என்று நான் கவனிக்கிறேன்.

சவுத்போர்ட் வழக்கின் குற்றவாளி, விசாரணைக் காவலில் கழித்த நாட்களைக் கழித்தாலும், ஏறத்தாழ எழுபது வயதில்தான் பரோல் வாரியத்தின் முன் வர முடியும். அவர் ஒருபோதும் வெளியே வராமலே போகலாம் என்று நீதிபதியே தண்டனை விதிக்கும்போது குறிப்பிட்டார். அதை முடிவு செய்யப்போகிறவர்களில் பலர் இன்னும் பிறந்திருக்க மாட்டார்கள். அந்த நடன வகுப்பிலிருந்து உயிர் பிழைத்த சிறுமிகள் அப்போது அறுபதை ஒட்டிய வயதில் இருப்பார்கள்.

நன்றி, வணக்கம்.