650 ரூபா ரோச்சும் பிள்ளையளின்ர பெருவிரலும்

வணக்கம், எல்லாரும் சுகமா இருக்கிறீங்களோ? இண்டைக்கும் அதே கிணத்தடி, அதே முருங்கை மரம். பின்னால கோழி கத்தும், பொறுத்துக்கொள்ளுங்கோ. கம்பஸால வந்து உடுப்புக்கூட மாத்தேல்லை. முகத்தைக் கழுவிப்போட்டு நேர வந்து ஃபோனை வைச்சிட்டன். இதைச் சொல்லாட்டில் எனக்கு இண்டைக்கு நித்திரை வராது.

இதைப் பாருங்கோ. ரோச். என்ர விரலளவுதான் இருக்கு. யூவி ரோச், புறஊதா வெளிச்சம் அடிக்கிறது. நான் படிப்பிக்கிற நர்சிங் பிள்ளையளுக்குக் கை கழுவப் பழக்க வாங்கினது. 650 ரூபா.

போன மாசம் ஒன்லைனில ஓடர் பண்ணினனான் எண்டு சொன்னனான் எல்லே? அது 1,450 ரூபா. வந்தது வெறும் ஊதா வெளிச்சம். கையில அடிச்சால் கை முழுக்க ஊதா, வேற ஒண்டும் தெரியேல்லை. அதைத் திருப்பி அனுப்ப ஏலாதெண்டு சொல்லிப்போட்டினம். எனக்கு வந்த கோவம்! 1,450 ரூபா எண்டால் ஆசுப்பத்திரி வோட்டுக்கு எத்தினை சவர்க்காரம் வாங்கலாம்? பிறகுதான் விசாரிச்சு அறிஞ்சன். வெளிச்சத்தின்ர அலைநீளத்தில 395 நானோமீற்றர் எண்டு ஒரு வகை இருக்கு, 365 எண்டு ஒரு வகை இருக்கு. 395இல ஊதா வெளிச்சம் கண்ணுக்கே நல்லாத் தெரியும், மினுங்கவேண்டிய சாமான் அதுக்குள்ள மறைஞ்சு போயிடும். எங்களுக்கு வேண்டியது 365.

இது ரவுணில ஃபோன் திருத்திற ஒரு சின்னக் கடையில வாங்கினது. ஃபோன் கண்ணாடி ஒட்டிற பசையைக் காயவைக்க அவையள் இந்த லைற்தான் பிடிக்கிறவை. தம்பி 900 சொன்னார். நான் முதல்ல என்ர பெருவிரல் நகத்தில கொஞ்சம் வாஸ்லீன் பூசி, கவுண்டருக்குக் கீழ இருட்டில கையை விட்டு அடிச்சுப் பாத்தன். நீலமும் வெள்ளையுமா என்ன மினுக்கம்! தம்பியும் எட்டிப் பாத்தார். "என்ன அக்கா இது?" எண்டு கேட்டார். நர்சிங் பிள்ளையளுக்குக் கை கழுவப் பழக்க எண்டு சொன்னன். அவரே 650க்கு இறங்கிட்டார். நான் பேரம் பேசவே இல்லை. அந்தத் தம்பி நல்லா இருக்கவேணும்.

சரி, இது எதுக்கெண்டு புதுசா வந்த ஆக்களுக்குச் சொல்லுறன். வாஸ்லீன் யூவி வெளிச்சத்தில மினுங்கும். கையில மெல்லிசாப் பூசி, கழுவச் சொல்லி, அறையை இருட்டாக்கி அடிச்சால், கழுவாமல் விட்ட இடம் அப்பிடியே எரிஞ்சு தெரியும். இதுக்கெண்டே வெளிநாட்டுக் கிறீம் இருக்கு, விலை எங்களுக்குக் கட்டாது. ஒண்டு சொல்லவேணும், வாஸ்லீன் சவர்க்காரத்துக்கு லேசில போகாது. அதால துளிதான் எடுக்கவேணும். மினுங்கிறது கிருமியும் இல்லை, எங்க கை படேல்லை எண்டதைத்தான் காட்டுது. கண்ணில மட்டும் அடிச்சுப்போடாதேங்கோ.

இருபது பிள்ளையள். எல்லாருக்கும் கை கழுவிற படிமுறை மனப்பாடம், நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவினம். சவர்க்காரமெண்டால் 40 தொடக்கம் 60 செக்கன், அல்ககோல் தேய்க்கிறதெண்டால் 20 தொடக்கம் 30 செக்கன், எல்லாம் சரி. லைற்றை நிப்பாட்டினன். ரோச்சை அடிச்சன்.

பெருவிரல்! இருபது பேரில மூண்டு பேர்தான் தப்பினவை. மற்ற எல்லாருக்கும் பெருவிரல் அடி, நகத்து ஓரம், மோதிரத்துக்குக் கீழ எல்லாம் மினுங்குது. உள்ளங்கை பளிங்கு மாதிரிச் சுத்தம். ஊசி போடேக்க, கனுலா (நாளத்தில ஏத்திற மெல்லிய குழாய்) பிடிக்கேக்க எந்த விரல் முன்னுக்கு நிக்குது? பெருவிரல்தானே! ஒரு பிள்ளை தன்ர கையைப் பாத்துப்போட்டு சத்தம் போடாமல் திரும்பப் போய்க் கழுவிச்சுது. நான் சொல்லவே இல்லை. பதினாலு வருசமாப் பலகையில படம் கீறிப் படிப்பிச்சிருக்கிறன், ஒரு பிள்ளையும் தானா எழும்பிப் போய்க் கழுவினதில்லை.

ஐயோ, நூலை மறந்துபோனன். அதுதான் இண்டைக்கு முக்கியம்.

ஒரு பிள்ளையின்ர வலது மணிக்கட்டில சிவப்பு நூல். நல்லூர்த் திருவிழாவுக்கு அம்மா கட்டிவிட்டது. ரோச்சை அடிச்ச உடன அந்த நூல் வளையம் மாதிரிச் சுத்திவர மினுங்கிச்சுது. கையெல்லாம் கழுவுப்பட்டிருக்கு, நூலுக்கை அப்பிடியே நிக்குது. பக்கத்தில நிண்ட பிள்ளை கத்திரிக்கோலைத் தூக்கிட்டுது. நான் வேண்டாமெண்டன். கோயில் நூலை வெட்டச் சொல்லி நான் ஒருநாளும் சொல்லமாட்டன். நானும் கட்டுறனான். ஆனால் வோட்டில முழங்கைக்குக் கீழ ஒண்டும் இருக்கக்கூடாது. மணிக்கூடு, காப்பு, நூல், ஒண்டும் கூடாது. "அவிட்டு முழங்கைக்கு மேல கட்டம்மா, முருகன் அங்கயும் இருப்பார்" எண்டு சொன்னன். பிள்ளையின்ர கண் கலங்கிப்போச்சு. அம்மாட்டைக் கேக்கவேணுமெண்டுது. கேள் எண்டு விட்டிட்டன்.

என்னை ஏன் இந்தக் கை கழுவிற விசயம் இப்பிடிப் பிடிச்சு ஆட்டுதெண்டு கன பேர் கொமென்ற்றில கேக்கிறீங்கள். 2009இல நான் சின்ன நர்ஸ். யுத்தத்தால இடம்பெயர்ந்த சனம் இருந்த வவுனியா முகாமில வேலை. கொப்பளிப்பான் ஒரு பக்கம், செங்கண்மாரி (மஞ்சள் காமாலை) ஒரு பக்கம். அந்தச் செங்கண்மாரி மலத்தால வாய்க்குப் போற ஹெப்பரைற்றிஸ் ஏ. கை கழுவினால் குறையும். ஆனால் சனம் ஒரு வாளி தண்ணிக்கு வெயிலில வரிசையில நிக்குது. ஒரு தாய் மடியில பிள்ளையோட இருந்தா. கை கழுவிப்போட்டு ஊட்டுங்கோ அம்மா எண்டு சொல்ல வாயெடுத்தன், அவவின்ர வாளியைப் பாத்திட்டு நிப்பாட்டிப்போட்டன். அண்டைக்குத்தான் வோட்டை விட்டிட்டு இந்தப் பக்கம் வாறதெண்டு முடிவெடுத்தனான். நோய் வந்தாப்பிறகு பாக்கிறதை விட, அது எந்த வழியால வருதெண்டு பாக்கவேணும். பொதுச்சுகாதாரம் படிச்சன், பிறகு தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ், பிறகு லெக்சரர்.

2024 மார்கழியை நினைச்சுப் பாருங்கோ. வெள்ளம் வடிஞ்ச கையோட யாழ்ப்பாணத்தில வடமராட்சிப் பக்கம் காய்ச்சலில அடுத்தடுத்து ஆக்கள் செத்தவை. எலிக்காய்ச்சல் எண்டு பிறகு உறுதியாச்சுது. எலியின்ர மூத்திரம் கலந்த தண்ணியில நிண்டால், காலில இருக்கிற வெடிப்பால, காயத்தால கிருமி உள்ள போகுது. எங்கட ஒழுங்கையில சனம் மாஸ்க் போட்டுக்கொண்டு திரிஞ்சுது, கால் வெறுங்கால், வயலுக்கை! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மூக்கை மூடி என்ன பிரயோசனம், அது காலாலயெல்லோ வருது. வயலுக்கு இறங்கிற ஆக்கள் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) இல்லாட்டில் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிசில கேட்டு டொக்சிசைக்கிளின் எண்ட தடுப்பு மருந்து எடுக்கவேணும், கடையில தாங்களா வாங்கி விழுங்கக்கூடாது.

கிளவ்ஸும் அப்பிடித்தான். காலமை போட்ட கிளவ்ஸோட பின்னேரம் வரைக்கும் திரியிறதை நான் வெறுக்கிறன். ஒரு நோயாளியைத் தொட்ட கிளவ்ஸால மற்றவரைத் தொட்டால், கழுவாத கையை விட அது மோசம். சோப்புப் பெட்டிக்குள்ள தண்ணி தேங்கி, சவர்க்காரம் களியா நிக்கிறதும் எனக்குக் கண்ணிலயும் காட்டக்கூடாது.

பாடத்தை 1847இலதான் தொடங்கினனான். அந்த வருசம் வியன்னாவில செம்மல்வைஸ் எண்ட டொக்டர், பிரேத அறையால வந்து பிரசவம் பாக்கிற டொக்டர்மாரைக் குளோரின் தண்ணியில கை கழுவ வைச்சார். சித்திரையில 100 தாய்மாரில 18 பேர் செத்த வோட்டில, ஆனியில இரண்டு பேரளவுக்குக் குறைஞ்சுது. அதே 1847இலதான் சாமுவேல் கிறீன் எண்ட அமெரிக்க மிஷன் டொக்டர் யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். மானிப்பாயில இருந்துகொண்டு தமிழிலயே மருத்துவம் படிப்பிச்சவர். அதைச் சொன்னதும் பிள்ளையள் நிமிர்ந்து இருந்ததுகள். எனக்கும் அந்த இடத்தில ஒவ்வொரு வருசமும் மேல் சிலிர்க்கும்.

நில்லுங்கோ, வட்ஸ்அப் வந்திருக்கு... அந்தப் பிள்ளைதான். படம் அனுப்பியிருக்கு. அம்மா நூலை முழங்கைக்கு மேல, கைச்சட்டைக்குள்ள மறையிற மாதிரிக் கட்டிவிட்டிருக்கிறா. உங்களுக்குக் காட்டமாட்டன், பிள்ளையின்ர முகம் தெரியுது.

நாளைக்கு எட்டரைக்கு மற்றக் குரூப். ரோச்சைச் சார்ஜில போடவேணும், வாஸ்லீனும் முடிஞ்சுபோச்சு. வாறன்.