சொத்துரிமை இடம் மாறிய கதை

(திரையில்: அரசமைப்புச் சட்டத்தின் பக்கங்கள், 31, 300அ ஆகிய எண்கள்)

1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளுக்குள், 19, 31 ஆகிய உறுப்புகளில் வைத்திருந்தது. இன்று அது அங்கே இல்லை. 300அ என்ற உறுப்பில் ஒற்றை வாக்கியமாக நிற்கிறது. இந்த இடமாற்றத்துக்குக் காரணம் நிலச் சீர்திருத்தம்.

ஜமீன்தாரி முறையை ஒழிக்கப் பீகார் இயற்றிய சட்டத்தை 1951-இல் பாட்னா உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. அதே ஆண்டில் வந்த முதல் திருத்தம், 'எஸ்டேட்' நிலங்களை, அதாவது ஜமீன் போன்ற நிலங்களை, அரசு எடுத்துக்கொள்ளும் சட்டங்களுக்குக் காப்பளிக்க 31அ உறுப்பையும், அடிப்படை உரிமையைக் காட்டி எதிர்க்க முடியாத சட்டங்களைப் பட்டியலிடும் ஒன்பதாவது அட்டவணையையும் உருவாக்கியது.

(திரையில்: சென்னை மாகாண வரைபடம்)

ஆனால் சென்னை மாநிலத்தின் பெரும்பகுதி ரயத்துவாரி நிலம். இடையில் ஜமீன்தார் இல்லாமல், பட்டாதாரரே அரசுக்குத் தீர்வை கட்டிய நிலம். அது 'எஸ்டேட்' என்ற சொல்லுக்குள் அடங்கவில்லை. ஆகவே ஐந்து பேர் வரையுள்ள குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்துக்கேற்பப் பரப்பு மாறும் அளவு) என வரம்பு விதித்த 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் அந்தக் காப்பைப் பெறாமல், 1964-இல் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது. ஒரு சொல்லின் பொருள்வரையறை ஒரு மாநிலத்தின் நிலச் சீர்திருத்தத்தையே தடுத்து நிறுத்தியது என்று சொன்னால் மிகையாகாது.

அதே ஆண்டின் பதினேழாவது திருத்தம் ரயத்துவாரி நிலத்தையும் அந்தச் சொல்லுக்குள் கொண்டுவந்து, சென்னைச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. அதில் பலரும் கவனிக்காத ஒரு வரி உண்டு: உச்சவரம்புக்குள் இருந்து உரிமையாளர் சொந்தமாகச் சாகுபடி செய்யும் நிலத்தை அத்தகைய சட்டத்தின்கீழ் எடுத்தால், இழப்பீடு சந்தை மதிப்புக்குக் குறையக்கூடாது. பெருநிலக்கிழாருக்கு மறுத்ததைச் சிறு உழவருக்கு உறுதிசெய்த அந்த வரி இன்றும் 31அ உறுப்பில் இருக்கிறது.

(திரையில்: 1978)

44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கியது; 1979 ஜூனில் அது நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் அதிகாரமின்றி எவரது சொத்தையும் பறிக்கக்கூடாது என்பதே 300அ. இதை மட்டும் நம்பி, 32-ஆவது உறுப்பின்கீழ் நேரடியாக உச்ச நீதிமன்றம் செல்ல முடியாது. 226-இன்கீழ் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும். இழப்பீட்டின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் போன்ற சாதாரணச் சட்டங்களே.

இருந்தும் 300அ வெற்று வாக்கியமல்ல. இமாசலப் பிரதேசத்தில் எழுத்தறிவில்லாத ஒரு மூதாட்டியின் நிலத்தை 1967-68-இல் சாலைக்காக எடுத்துக்கொண்ட அரசு, கையகப்படுத்தும் நடவடிக்கையும் எடுக்கவில்லை, இழப்பீடும் தரவில்லை. நீண்டகாலம் தன் வசம் வைத்திருந்ததால் நிலம் தனதாகிவிட்டது என்ற அரசின் வாதத்தை நிராகரித்த உச்ச நீதிமன்றம், 2020-இல் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அரசு அந்த நிலத்தை எடுத்தபோது சொத்துரிமை அடிப்படை உரிமையாகத்தான் இருந்தது.