முதல் சம்பளம் வரைக்கும் கூட நிற்போம்

(கண்ணகி நகர் இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சித் திட்டத்துக்கு ஆதரவு திரட்ட, சென்னை துரைப்பாக்கத்தில் நடந்த கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். வேலை நாள் சாயங்காலத்தில் ஓஎம்ஆர் நெரிசலைத் தாண்டி வந்திருக்கிறீர்கள். கம்பெனிகளில் இருந்து வந்தவர்கள் இருக்கிறீர்கள், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தார் இருக்கிறீர்கள், பிள்ளைகளோடு வந்திருக்கும் கண்ணகி நகர் அம்மா அப்பாக்கள் இருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

2000-ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பார்க் திறந்தது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் அங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, கண்ணகி நகரில் குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கூவம் கரையிலும் அடையாறு ஓரத்திலும் நகரத்துக்கு நடுவே வாழ்ந்தவர்கள் அவர்கள். அப்புறம் 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம். சிமென்ட் வீடு கிடைத்தது உண்மை. ஆனால் பிழைப்பு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. வீட்டு வேலை செய்த அம்மாக்கள் விடியற்காலையில் பஸ் பிடித்து அங்கேயே திரும்பப் போனார்கள். முடியாதவர்கள் வேலையை விட்டார்கள். படிப்பு ஆண்டின் நடுவில் இடம் மாறிய பிள்ளைகளில் பலர் மறுபடி பள்ளிக்கூடம் போகவே இல்லை.

இன்றைக்குக் கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பதினெட்டு, இருபது வயதுக்கு வந்துவிட்டார்கள். ஐடி கம்பெனிகள் அவர்களுக்கு நடக்கிற தூரம். உள்ளேயும் போகிறார்கள்தான். ஹவுஸ்கீப்பிங்குக்குப் போகிறார்கள், செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார்கள், கேன்டீனுக்குப் போகிறார்கள். அந்த வேலைகளை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். இங்கே உட்கார்ந்திருக்கும் பல அம்மாக்கள் அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஆனால் அம்மா கான்ட்ராக்டில் துடைத்த அதே மாடியை, பிளஸ் டூ முடித்த மகளும் கான்ட்ராக்டில் துடைக்க வேண்டுமா? இதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. 2022-இல் காலை உணவுத் திட்டம் வந்தது. அதே ஆண்டு திறன் பயிற்சிக்கு ‘நான் முதல்வன்’ திட்டமும், மேலே படிக்கிற பெண்களுக்குப் ‘புதுமைப் பெண்’ திட்டமும் வந்தன. 2024-இல் பையன்களுக்கும் அதேபோல் ‘தமிழ்ப் புதல்வன்’ வந்தது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கப் போனால் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. இவையெல்லாம் பெரிய உதவி. இத்தனையும் இருந்தும் பிள்ளைகள் எங்கே நழுவுகிறார்கள் என்று பாருங்கள். பிளஸ் டூ ரிசல்ட்டுக்கும் முதல் நல்ல சம்பளத்துக்கும் நடுவில் இரண்டு, மூன்று வருடம் இருக்கிறது. அங்கேதான் நழுவுகிறார்கள்.

ஐடிஐயில் எலக்ட்ரீசியன் படிப்பு இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் உதவித்தொகையாகக் கையில் வருவது டீ செலவுக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் சரியாகப் போய்விடும். கல்யாண மண்டபத்தில் ராத்திரி கேட்டரிங் போனால் அன்றைக்கே காசு. லோடு இறக்கினாலும் பெயின்டிங் போனாலும் அப்படித்தான். வீட்டு வாசலில் கடன் தவணை கேட்டுத் தண்டல்காரர் தினமும் வந்து நிற்கிறார். அப்பாவுக்கு முதுகுவலி, கொஞ்ச நாளாக வேலைக்குப் போகவில்லை. இந்த நிலைமையில் பையன் கேட்டரிங்குக்குப் போகிறான். அவனைச் சோம்பேறி என்றோ, எதிர்காலத்தைப் பற்றி யோசிக்காதவன் என்றோ யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. குடும்பத்தை அந்த வயதிலேயே தோளில் தூக்கியவன் அவன்.

இன்னொன்று, முகவரி. இன்டர்வியூவில் கண்ணகி நகர் என்றதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுகிறது. அதனால் பிள்ளைகள் துரைப்பாக்கம் என்று சொல்லப் பழகிவிட்டார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகாவைத் தமிழ்நாடே ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்று கொண்டாடியது. ஊர்ப் பெயரை மறைக்காமல் சொல்லலாம் என்று அந்தப் பெண் எத்தனை பிள்ளைகளுக்குத் தைரியம் கொடுத்தாள்! அந்தப் பதக்கத்துக்குப் பின்னால் அவளுடைய உழைப்பு இருக்கிறது. இந்த ஊர்ப் பிள்ளைகளை விடாமல் மைதானத்துக்கு வரவைத்த ஒரு பயிற்சியாளரும் இருக்கிறார். வேலைக்குப் போகிற பிள்ளைக்கும் அப்படி ஒருவர் வேண்டும்.

எங்கள் திட்டம் அதுதான். ஒரு பிள்ளை தொழிற்பயிற்சியில் சேர்ந்த நாளிலிருந்து முதல் சம்பளம் வாங்கி அந்த வேலையில் நிலைக்கும் வரை, ஒரு பெரியவர் கூடவே இருப்பார். ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர் என்றால் இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போவார். வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் கூட அலைவார். சூப்பர்வைசர் திட்டிவிட்டார், நாளையிலிருந்து போகமாட்டேன் என்று பையன் ராத்திரி போன் செய்தால், எடுத்துப் பேசுவார். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இதையெல்லாம் செய்ய மாமாவோ சித்தப்பாவோ இருக்கிறார். இந்தப் பிள்ளைகளின் சொந்தக்காரர்களில் ஆபீஸ் வேலை பார்த்தவர் பெரும்பாலும் யாரும் இல்லை. பயிற்சிக் காலத்தில் வீட்டுக்குக் கொடுக்க மாதாமாதம் ஒரு தொகையும் தர நினைக்கிறோம். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பேச்சாகிவிடும்.

கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை பழக வருகிறவர்களுக்கான அப்ரண்டிஸ் சட்டம் 1961-இலிருந்து இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம், மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும் என்பது விதி. அவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே தருகிறது. ஆக, உங்களிடம் தர்மம் கேட்டு நான் நிற்கவில்லை. எப்படியும் எடுக்க வேண்டிய ஆட்களில் சிலரை இந்தத் தெருக்களிலிருந்து எடுங்கள் என்கிறேன். விண்ணப்பத்தில் முகவரியைக் கடைசியாகப் படியுங்கள். மாதம் முழுக்கப் போய்வர எம்டிசி பாஸ் 1,000 ரூபாய். பெண்களுக்கு 2021-இலிருந்து சாதாரண பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, பையன்களுக்கு உண்டு. பாஸ் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் பலர் பஸ் செலவுக்குப் பயந்து நின்றுபோவதைத் தடுக்கலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருந்து வந்திருப்பவர்களே, உங்களிடம் பணத்தைவிட நேரத்தைத்தான் முதலில் கேட்கிறேன். ஒருவர் ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் விட்டுவிடுவீர்கள் என்றால் தயவுசெய்து இப்போதே சொல்லிவிடுங்கள். பாதியில் விட்டுப்போன பெரியவர்களை இந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

அம்மாக்களே, உங்கள் மகளை ராத்திரி ஷிஃப்ட்டுக்கு அனுப்பச் சொல்லமாட்டோம். வேலை செய்யும் இடத்தை முதலில் நீங்கள் வந்து பாருங்கள். அப்புறம் முடிவு செய்யுங்கள்.

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிடும். எந்தக் கம்பெனியில் எத்தனை இடம் என்று அதற்கு முன்பே தெரிந்தால்தான் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச முடியும். ரிசல்ட் வந்த வாரத்திலேயே கேட்டரிங்காரர் கூப்பிட்டுவிடுவார். வாசல் பக்க மேஜையில் நோட்டு வைத்திருக்கிறோம். கிளம்பும் முன் உங்கள் பெயரையும், எத்தனை பிள்ளைகளுக்கு இடம் தர முடியும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.