ஷாம்ஸ் சொன்னா நம்பலாமா? என்பிஏ இன்சைடர் செய்தியைப் படிக்கிற விதம்

வணக்கம் மக்களே. அமெரிக்க கூடைப்பந்து லீக்கான என்பிஏ-ல ஃப்ரீ ஏஜென்சி (ஒப்பந்தம் முடிஞ்ச வீரர்கள் புது அணி தேடுறது) பேச்சுவார்த்தை அமெரிக்க கிழக்கு நேரப்படி ஜூன் 30 சாயங்காலம் 6 மணிக்குத் திறக்கும். நமக்கு அது விடியக்காலை 3:30. அடுத்த நிமிஷமே ஈஎஸ்பிஎன் விளையாட்டு சேனலோட இன்சைடர், அதாவது அணிங்களோட உள்விவகாரத்தை முதல்ல போடுற நிருபர், ஷாம்ஸ் சரானியா போஸ்ட் வந்து விழும். முழிச்சிருந்து பாக்குறவங்க, அதை எப்படிப் படிக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் பாருங்க.

முதல்ல, "ஒப்புக்கிட்டாரு"ன்னா கையெழுத்து போட்டாச்சுன்னு அர்த்தம் இல்ல. பெரும்பாலான ஒப்பந்தத்துல ஜூலை 6 வரைக்கும் கையெழுத்து போட முடியாது. 2015-ல டிஆண்ட்ரே ஜார்டன்ங்கிற வீரர் டல்லாஸ் அணிக்கு ஓகே சொல்லிட்டு, அந்த இடைவெளியிலதான் மனசு மாறி கிளிப்பர்ஸுக்கே திரும்பிப் போனாரு. செய்தி சொன்னவங்க மேல அதுல தப்பே இல்ல.

முடிஞ்ச டீல்ல இந்த இன்சைடருங்க அநேகமா சறுக்க மாட்டாங்க. 2025 பிப்ரவரியில நட்சத்திர வீரர் லூக்கா டான்சிச் லேக்கர்ஸ் அணிக்குப் போறாருன்னு ஷாம்ஸ் போட்டப்போ, அக்கவுன்ட்டை யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னே பாதிப் பேரு நெனச்சாங்க. நெசந்தான்னு அவரே இன்னொரு போஸ்ட் போட வேண்டியதாப் போச்சு.

சறுக்குற இடம் முடியாத விஷயம். 2023 டிராஃப்ட் (அணிங்க புது வீரர்களை வரிசையா தேர்ந்தெடுக்குற நிகழ்ச்சி) அன்னைக்கு, ரெண்டாவது இடத்துக்கு ஸ்கூட் ஹெண்டர்சன் பேரு வலுவா அடிபடுதுன்னு ஷாம்ஸ் போட்டாரு. பந்தய ரேட் அப்படியே தலைகீழாச்சு. ஆனா அந்த இடத்துல சார்லட் அணி எடுத்தது பிராண்டன் மில்லரை. அந்தச் சமயத்துல ஷாம்ஸுக்கு ஃபேன்டூயல்ங்கிற பந்தயக் கம்பெனியோட ஒப்பந்தம் வேற இருந்துச்சு. வேணும்னே பண்ணாருன்னு நான் சொல்ல வரல. ஆனா ரெண்டு நாற்காலியிலயும் ஒரே ஆள் உக்காரக் கூடாது, அவ்ளோதான்.

இன்னொண்ணு கவனிங்க. போஸ்ட்டோட கடைசியில வீரரோட ஏஜென்ட் பேரும் அவரு கம்பெனி பேரும் வந்தா, தகவல் பெரும்பாலும் அங்கேருந்துதான். பேரைப் போட்டு விளம்பரம் குடுக்குறதுதான் அதுக்குக் கூலி. அதனால "பல அணிங்க ஆர்வமா இருக்கு"ன்னு மட்டும் வந்தா, ஏஜென்ட் விலையை ஏத்துறாருன்னு சந்தேகப்படுங்க.

ஷாம்ஸை யாஹூ காலத்துல வளத்துவிட்டவரு ஏட்ரியன் வோஜ்நரோவ்ஸ்கி, நம்ம வோஜ். 2017-ல அவரு ஈஎஸ்பிஎன் போனாரு, அடுத்த வருஷம் ஷாம்ஸ் தி அத்லெட்டிக்ங்கிற விளையாட்டுச் செய்தித் தளம் பக்கம் போனாரு, அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒரே போட்டிதான். 2018 டிராஃப்ட்ல தேர்வை முன்கூட்டி சொல்லக் கூடாதுன்னு ஈஎஸ்பிஎன் ஒத்துக்கிட்டப்போ, வோஜ் நேரடியா சொல்லாம "இந்த அணி இவரு மேலதான் கண்ணா இருக்கு"ங்கிற மாதிரி ஒவ்வொரு தடவையும் வேற வேற வார்த்தையில போட்டுத் தப்பிச்சாரு. அந்தக் குசும்பு தனி ரகம்! 2024 செப்டம்பர்ல எல்லாத்தையும் விட்டுட்டு, தான் படிச்ச செயின்ட் பொனவென்ச்சர் காலேஜ் கூடைப்பந்து அணிக்கு ஜெனரல் மேனேஜரா போயிட்டாரு. அடுத்த மாசமே ஈஎஸ்பிஎன்-ல வோஜ் இருந்த நாற்காலிக்கு ஷாம்ஸ் வந்தாரு.

டிவியில பேசுறப்போ ஷாம்ஸ் வருஷம், தொகை, பிளேயர் ஆப்ஷன் (கடைசி வருஷம் இருக்கலாமா வேணாமான்னு வீரரே முடிவு பண்றது)னு மூச்சு விடாம அடுக்குவாரு. கருத்து கம்மி, நமக்கு அது நல்லதுதான். ஸ்டீபன் ஏ. ஸ்மித் நேர் எதிர்: இழுப்பாரு, நிறுத்துவாரு, திடீர்னு கத்துவாரு. ஆளு ஃபிலடெல்ஃபியா இன்க்வைரர்ல நிருபரா இருந்தவருதான். ஆனா ஃபர்ஸ்ட் டேக்ங்கிற ஈஎஸ்பிஎன் நிகழ்ச்சியில அவரு விக்கிறது விவாதம். அங்க கேட்டதைச் செய்தின்னு ஃபார்வர்டு பண்ணாதீங்க.

டிரேடுன்னா, அதாவது அணிங்க வீரர்களை மாத்திக்கிட்டா, முதல் போஸ்ட்டை வெச்சு யாரு ஜெயிச்சாங்கன்னு முடிவு கட்டாதீங்க. கைமாறுற டிராஃப்ட் பிக்குக்கு (டிராஃப்ட்ல வீரரை எடுக்குற உரிமை) என்ன பாதுகாப்பு நிபந்தனை, அதாவது எப்போ அந்த உரிமை கைமாறாதுங்கிறது பல நேரம் பின்னாடிதான் வரும். சம்பள உச்சவரம்புக் கணக்குக்கு பாபி மார்க்ஸைப் பாருங்க, நெட்ஸ் அணி நிர்வாகத்துலயே இருந்த மனுஷன்.