தை மாசக் குளிர்ல ஜவ்வாது மலைக்கு சைக்கிள்ல

சென்னை வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். சைக்கிள் பத்தி பேசணும்னு கூப்பிட்டாங்க, சைக்கிள் பத்தி பேச ஆயிரம் இருக்கு, ஆனா நான் இன்னைக்கு ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கிட்டு வந்திருக்கேன், குளிர் காலத்துல மலைப்பாதைல சைக்கிள் ஓட்டறது. ஏன்னா இப்ப தை மாசம், நம்ம ஊர்லேர்ந்து சாயங்காலம் ரயில் ஏறினா ராத்திரிக்குள்ள மலை அடிவாரத்துக்குப் போயிடலாம், ஆனா நம்மாளுங்க அந்த மலைய கார் கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு பாத்துட்டு திரும்பி வந்துடறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்ங்க.

மலைன்னு சொன்ன உடனே எல்லாரும் பயப்படறது ஏத்தத்துக்குத்தான். குளிர்ல ஏத்தமா, மூச்சு நின்னுடும்ப்பா அப்படிம்பாங்க. நான் சொல்றேன், சென்னையில மே மாசம் மத்தியானம் சமதரைல பத்து கிலோமீட்டர் ஓட்டறதை விட தை மாசம் காலைல ஆறரை மணிக்கு மலை ஏறறது உடம்புக்கு சுலபம். காரணம் இருக்கு. நாம பெடல் பண்றப்போ உடம்பு செலவழிக்கிற சக்தியில நாலுல ஒரு பங்கு கூட சக்கரத்துக்குப் போறதில்ல, மிச்சம் எல்லாமே சூடா மாறிடுது, ஒரு சுமாரான ஆள் மூச்சு வாங்க வாங்க ஏறும்போது உடம்புலேர்ந்து 500 வாட் கணக்குல சூடு வெளிய போயாகணும். நம்ம ஊரு புழுக்கத்துல அந்த சூடு எங்க போகும், வேர்வை வழியுது, ஆனா காய மாட்டேங்குது, காஞ்சாத்தானே உடம்பு குளிரும். மலையில காலை நேரம் காத்து 12, 13 டிகிரில இருக்கும்போது அந்த சூடு தன்னால இறங்கிடும், நீங்க பாட்டுக்கு மெதுவா ஏறிக்கிட்டே இருக்கலாம்.

அப்போ குளிர்ல பிரச்சனையே இல்லையான்னா, இருக்கு, ஆனா அது ஏத்தத்துல இல்ல, இறக்கத்துல இருக்கு. இதை சொல்றதுக்காகத்தான் முக்கியமா வந்தேன், கொஞ்சம் கழிச்சு அதுக்கு வரேன்.

நான் பெரம்பூர்ல இருக்கேன், பேங்க்ல வேலை. எங்க குரூப்ல எல்லாருமே இந்த மாதிரிதான், வாரம் பூரா ஆபீஸ், ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடி ஈசிஆர்ல மாமல்லபுரம் பக்கம் போய்ட்டு வெயில் ஏறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடறது. ஈசிஆர் நல்ல ரோடுதான், ஆனா ஏத்தம்னு ஒண்ணு கிடையாது, சென்னைக்காரங்களுக்கு மலைன்னா பரங்கிமலை, அது ஒரு 300 அடி, அதுக்கு மேல வேணும்னா மேம்பாலத்துல ஏறி இறங்க வேண்டியதுதான். சைக்கிளுக்கும் இந்த ஊருக்கும் பெரிய சம்பந்தம் உண்டுங்க, அம்பத்தூர்ல 1949ல டிஐ சைக்கிள்ஸ் ஆரம்பிச்சாங்க, ஹெர்குலஸ், பிஎஸ்ஏ எல்லாம் அவங்க வண்டிங்கதான், எங்க அப்பா வச்சிருந்ததும் ஒரு ஹெர்குலஸ். ஆனா அந்தக் காலத்து கனமான வண்டி சமதரைக்கு செஞ்சது, அதுக்கு கியர் கிடையாது. மலைக்குப் போகணும்னா கியர் வண்டி வேணும், அதுலயும் முன்னாடி சின்ன பல்சக்கரமும் பின்னாடி பெரிய பல்சக்கரமும் இருக்கற வண்டியா பாத்துக்கோங்க, மத்தபடி லட்ச ரூபா வண்டி எல்லாம் தேவையே இல்ல.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலைல ஒரு பகுதி, திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்கள்ல பரவி இருக்கு. ஊட்டி கொடைக்கானல் அளவுக்கு உயரம் கிடையாது, அதனாலதான் கூட்டமும் கிடையாது. வாணியம்பாடில ராத்திரி தங்கிட்டு, விடிகாலைல ஆலங்காயம் வழியா காவலூர், அங்கேர்ந்து ஜமுனாமரத்தூர், இதுதான் எனக்குப் பிடிச்ச வழி. அந்தப் பக்கம் மெயின் ரோட்டை விட்டு உள்ள பிரியற சின்னச் சின்ன தார் ரோடு இருக்கு பாருங்க, ஒரு வேன் வந்தா நாம ஓரமா காலை ஊனி நிக்கணும், அவ்வளவுதான் அகலம், ரெண்டு பக்கமும் புளியமரம், பலாமரம், நடுநடுல சாமை அறுத்து முடிச்ச கொல்லை, வீட்டு வாசல்ல கோழி, ஆடு. ஏறும், இறங்கும், திரும்பவும் ஏறும். கார்ல போறவங்களுக்கு இந்த ரோடெல்லாம் கண்ணுலயே படாது.

இந்த ரோட்டுல போனாத்தான் குளிரோட நடமாட்டம் புரியும். மேல போகப் போக குளிரும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோம், 1000 மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி குறையும்னு, அது பகல்ல சரிதான். ஆனா விடிகாலைல அப்படி இல்லைங்க. ராத்திரி பூரா தரை சூட்டை விட்டுடுது, தரையைத் தொட்டுக்கிட்டிருக்கற காத்து குளிர்ந்து கனமாயிடுது, கனமான காத்து தண்ணி ஓடற மாதிரி சரிவுல இறங்கி பள்ளத்துல போய் தேங்கிடுது. அதனால ஒரு மேட்டுல நீங்க சவுகரியமா ஓட்டிக்கிட்டிருப்பீங்க, ரோடு ஒரு ஓடைப் பக்கம் இறங்கும், திடீர்னு முட்டி ரெண்டும் விறைச்சிடும், மூக்கு எரியும், மூடுபனியில முன்னாடி போறவங்க பின்லைட் மட்டும் செவப்பா தெரியும், திரும்ப ஒரு இருபது மீட்டர் ஏறினீங்கன்னா வெதுவெதுன்னு இருக்கும். ஒவ்வொரு பள்ளத்துலயும் இது நடக்கும். கார்ல போனா இது தெரியவே தெரியாது, பைக்ல போனா எல்லாமே ஒரே குளிராத்தான் இருக்கும், சைக்கிள் வேகத்துலதான் இது தோலுக்குத் தெரியும்.

காவலூர்னு சொன்னேன் இல்லையா, அங்கதான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு, கடல் மட்டத்துலேர்ந்து 725 மீட்டர் உயரத்துல. அங்க இருக்கற 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986ல திறந்தது. அதுக்கும் முன்னாடி, 1977ல யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்களே, அப்போ காவலூர்லேர்ந்தும் அதைப் பதிவு பண்ணியிருக்காங்க. சைக்கிள் பேச்சுல இது எதுக்குன்னு கேப்பீங்க. வடகிழக்கு பருவமழை முடிஞ்சு மேகம் கலைஞ்ச உடனே ராத்திரி வானம் அங்க அவ்வளவு தெளிவா இருக்கும், அது நட்சத்திரம் பாக்கறவங்களுக்கு வேணும். அந்த தெளிவான வானம்தான் நமக்குக் குளிரையும் குடுக்குது, மேகம் இருந்தா அது போர்வையா நின்னு தரைச்சூட்டைப் பிடிச்சு வைக்கும், மேகம் இல்லாத ராத்திரி சூடு எல்லாம் மேல போயிடும், காலைல புல்லு மேல அவ்வளவு பனி. எங்க பாட்டி சொல்லும், தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு, பெரம்பூர்ல உக்காந்துகிட்டு அதை எத்தனை தடவை கேட்டிருந்தாலும் ஜவ்வாது மலையிலதாங்க எனக்கு அது புரிஞ்சுது.

ஜமுனாமரத்தூர் போற வழியில ஒரு டீக்கடை, கடைன்னா ஒரு கூரை, ஒரு அடுப்பு, ஒரு பெஞ்சு. நாங்க போய் இறங்கினப்போ ஆயா அடுப்பை ஊதிக்கிட்டிருந்தாங்க. என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "இன்னாம்மா, இந்தப் பனியில சைக்கிள மிதிச்சிக்கினு வர்ற, பஸ்ஸு வுடலயா இன்னிக்கு?" ன்னாங்க. பஸ்ஸு இருக்கு ஆயா, நாங்களாதான் வந்தோம்னேன். "கைய குடு" ன்னு என் கையை இழுத்து அடுப்புக்குப் பக்கத்துல வச்சாங்க, க்ளவுஸை கழட்டச் சொல்லி. அப்புறம் ஒரு பெரிய டம்ளர்ல சுக்கு காப்பி, கருப்பட்டி போட்டு, அது தொண்டையில இறங்கறப்போ காது மடல் வரைக்கும் சூடு ஏறுச்சு. காசு குடுத்தப்போ எங்க கூட வந்த தம்பிகிட்ட மட்டும், "இறங்கறப்ப பாத்து இறங்கு நைனா, வளைவுல தண்ணி கீது" ன்னு தனியா சொல்லி அனுப்புனாங்க. அந்த தம்பிக்குத்தான் அது தேவைப்பட்டுச்சு.

ஜமுனாமரத்தூர்லேர்ந்து போளூர் பக்கம் நல்ல இறக்கம். இப்ப யோசிச்சுப் பாருங்க, இவ்வளவு நேரம் ஏறி ஏறி பனியன் நனைஞ்சிருக்கு, உடம்பு 500 வாட் சூடு போட்டுக்கிட்டிருந்துது, இறக்கம் வந்த உடனே பெடல் நின்னுடுது, சூடு உற்பத்தியும் ரொம்பக் குறைஞ்சிடுது, வேகம் மட்டும் 40க்கு போயிடுது. காத்து 10 டிகிரில இருந்து நீங்க 40 கிலோமீட்டர் வேகத்துல போனா தோலுக்கு அது 6 டிகிரி குளிரு, அதுவும் நனைஞ்ச துணியோட. ரெண்டு வளைவு தாண்டறதுக்குள்ள பல்லு கிடுகிடுன்னு அடிக்கும். அந்த தம்பி, நல்ல பலசாலிங்க, ஏத்தத்துல எங்க எல்லாரையும் விட்டுட்டு முன்னாடி போனவர், ஒரே ஒரு அரைக்கை பனியனோட இறங்கினார். நாங்க போய் சேர்றப்போ ஒரு வளைவுல வண்டிய சுவத்துல சாச்சுட்டு நிக்கறார், விரல் மடங்க மாட்டேங்குதுக்கா, பிரேக்கு பிடிக்க முடியலைங்கறார். பை ஜிப்பைக் கூட அவரால திறக்க முடியல, நான்தான் திறந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டு விட்டேன். விரல் விறைச்சா பிரேக் இல்லைன்னு அர்த்தம்ங்க, மலையில பிரேக் இல்லைன்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அதனால உச்சில நின்னு ஒரு பத்து நிமிஷம் செலவு பண்ணுங்க. நனைஞ்ச உள்பனியனை மாத்துங்க, வெக்கப்படாதீங்க, ஒரு காஞ்ச பனியன் பையில என்ன கனம் கனக்கப் போகுது. மேல காத்து புகாத ஒரு மெல்லிசு ஜாக்கெட், கைக்கு முழு விரல் க்ளவுஸ், ஹெல்மெட்டுக்கு உள்ள காதை மூடற மாதிரி ஒரு துணி. ஜாக்கெட் இல்லையா, டீக்கடையில ஒரு பழைய பேப்பர் வாங்கி நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவுல சொருகிக்கோங்க, டூர் டி பிரான்ஸ்னு பிரான்ஸ்ல நடக்கற பெரிய சைக்கிள் பந்தயத்துல மலை உச்சில ரோட்டோரத்துல நிக்கறவங்ககிட்ட பேப்பரை வாங்கி இப்படித்தான் சொருகிக்கிட்டு இறங்குவாங்க, காத்தை அது நெசமாவே தடுக்கும்.

பிரேக்கு விஷயத்துல இன்னொண்ணு. ரிம்ல பிடிக்கற ரப்பர் பிரேக் கட்டை வண்டியா இருந்தா, பனியில ரிம் ஈரமா இருக்கும், பிடிச்ச உடனே பிடிக்காது, கட்டை அந்த ஈரத்தைத் துடைக்கறதுக்கே சக்கரம் ரெண்டு மூணு சுத்து சுத்தணும். வளைவுக்கு முன்னாடியே லேசா பிடிச்சுப் பிடிச்சு விடுங்க, வளைவுக்கு உள்ள போய் பிடிக்காதீங்க. டயர் காத்தும் அப்படித்தான், சென்னையில 30 டிகிரில 80 பிஎஸ்ஐ அடிச்சிட்டுப் போனா மலையில காலைக் குளிர்ல அது 75க்கு வந்திருக்கும், பயந்துக்கிட்டு திரும்ப அடிக்காதீங்க, ஈர ரோட்டுல கொஞ்சம் குறைச்சலா இருந்தாத்தான் பிடிமானம் நல்லா இருக்கும்.

தண்ணி குடிக்க மறக்காதீங்க, குளிர்ல தாகமே தெரியாது, ஆனா மூச்சு வழியா தண்ணி போய்க்கிட்டேதான் இருக்கும். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வாழைப்பழம், எது கிடைக்குதோ அதை பசிக்கறதுக்கு முன்னாடியே சாப்பிடுங்க. பசிச்ச அப்புறம் சாப்பிட்டா குளிரு இன்னும் தூக்கிப் போடும்.

புதுசா போறவங்க ஜவ்வாதுலதான் ஆரம்பிக்கணும்னு இல்ல. ஜோலார்பேட்டைல இறங்கினா ஏலகிரி, 14 கொண்டை ஊசி வளைவு, ஏறி முடிச்சா சுமார் 1000 மீட்டருக்கு மேல, ஒரு காலைல முடிச்சுடலாம். கொல்லிமலைக்கு 70 வளைவு, அதை முதல் வருஷமே முயற்சி பண்ணாதீங்க. எங்க போனாலும் ஆறு மணிக்கு முன்னாடி மூடுபனியில கிளம்பினா முன்லைட்டு, பின்லைட்டு, பளிச்சுன்னு ஒரு மேல்சட்டை இல்லாம கிளம்பாதீங்க, வளைவுல பஸ்ஸு ஹாரன் அடிச்சா மேல ஏறி வர்ற வண்டிக்கு வழி விட்டு ஓரமா நில்லுங்க. சாப்பிட்ட கவரை திரும்ப பையில போட்டுக்கோங்க, அந்த ஊரு அவங்களோடது.

இன்னும் நாள் இருக்கு. மாசி முடியற வரைக்கும் காலைல அந்தக் குளிர் இருக்கும், பங்குனி வந்துட்டா எட்டு மணிக்கே தார் ரோடு சுட ஆரம்பிச்சுடும். இந்த வாரமே வண்டிய எடுத்து செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டை தேஞ்சிருக்கான்னு பாத்து, மெக்கானிக் கடையில ஒரு தடவை காட்டிடுங்க, சனிக்கிழமை சாயங்கால ரயிலுக்கு வண்டிய பார்சல்ல போடணும்னா ஸ்டேஷனுக்கு சீக்கிரம் போங்க. பேச வாய்ப்பு குடுத்ததுக்கு ரொம்ப நன்றி, வணக்கம்.