பார்க்காமல் விட்ட சுவர்

நேயர்களுக்கு வணக்கம். நாளிதழ் ஒன்றில் பக்கம் அமைப்பதிலும் கேலிச்சித்திரம் தேர்ந்தெடுப்பதிலும் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். பிரிட்டன் தொழிற்கட்சியின் முன்னாள் தலைவர் ஜெரமி கோர்பின் மீது எழுந்த யூத வெறுப்புக் குற்றச்சாட்டைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தபோது, எனக்குக் கட்சி மாநாடுகள் நினைவுக்கு வரவில்லை. ஒரு சுவர்தான் வந்தது.

2012ஆம் ஆண்டு. கிழக்கு லண்டனில் பிரிக் லேன் பக்கத்தில் ஹான்பரி தெரு. மியர் ஒன் என்ற பெயரில் வரையும் அமெரிக்க ஓவியர் அங்கே ஒரு பெரிய சுவரோவியம் தீட்டினார். வானொலியில் படம் காட்ட முடியாது, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டும் மூட வேண்டாம். கோட்டு அணிந்த வயதான ஆண்கள் சிலர் ஒரு பலகையைச் சுற்றி உட்கார்ந்து பணத்தை வைத்து விளையாடுகிறார்கள். அந்தப் பலகைக்குக் கால்கள் கிடையாது. குனிந்து கிடக்கும் மனிதர்களின் முதுகுகள்தான் அதைத் தாங்குகின்றன. பின்னால் ஒரு பிரமிடு, அதன் உச்சியில் ஒரு கண்.

முதல் பார்வைக்கு இது உழைப்பாளி, முதலாளி படம். நம் ஊர்க் கேலிச்சித்திரத்தில் கந்துவட்டிக்காரருக்குத் தொந்தி போடுவதில்லையா, அதுபோல. ஆனால் தொந்திக்குச் சாதி கிடையாது. ஐரோப்பியச் சித்திர மரபில் வளைந்த மூக்குக்கு இனம் உண்டு. உலகத்தின் பணத்தைச் சில யூதர்கள் மறைவில் உட்கார்ந்து ஆட்டிவைக்கிறார்கள் என்பது அங்கே பல தலைமுறைப் பழைய கதை. ஹிட்லரின் ஆட்களும் அதே மூக்கைத்தான் வரைந்தார்கள். இந்தச் சுவரிலும் சிலருக்கு அந்த மூக்கு இருந்தது. அவர்களில் எல்லோரும் யூதர்கள் அல்லர், தான் தாக்கியது வர்க்கத்தை என்றார் ஓவியர். படத்தை அகற்றச் சொன்ன உள்ளூர் மேயர் லுத்ஃபுர் ரஹ்மான் வங்கதேசத்தில் பிறந்த முஸ்லிம். பிரிக் லேன் அப்படிப்பட்ட இடம். அங்கே 1743இல் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளின் தேவாலயமாகக் கட்டப்பட்ட கட்டடம் பிறகு யூதர்களின் தொழுகைக்கூடமாகி, 1976 முதல் பள்ளிவாசலாக இருக்கிறது. சரி, சுவருக்கு வருகிறேன்.

படத்தை அழிக்கப்போகிறார்கள் என்று ஓவியர் முகநூலில் முறையிட்டார். அதற்குக் கோர்பின் ஆறுதல் எழுதினார்: ஏன் அழிக்க வேண்டும்? லெனின் உருவம் இருந்ததற்காக அமெரிக்கக் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர்கூட மெக்சிகோ ஓவியர் ரிவேராவின் ஓவியத்தை அழித்தார், நீங்கள் நல்லவர்களின் வரிசையில்தான் இருக்கிறீர்கள் என்று. அந்தப் பழைய செய்தி உண்மைதான். 1934இல் நியூயார்க்கில் நடந்தது. ரிவேரா பிறகு மெக்சிகோ நகரத்தில் அதே படத்தைத் திரும்ப வரைந்துவிட்டார். கோர்பினின் வரலாற்று அறிவில் குறை சொல்ல முடியாது. எதிரே இருந்த சுவரை அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

2018 மார்ச்சில் அவர் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரே ஆன லூசியானா பெர்ஜர் இதைக் கிளப்பினார். படத்தைக் கூர்ந்து பார்க்காததற்கு வருந்துகிறேன் என்றார் அப்போது கட்சித் தலைவராக இருந்த கோர்பின். சில நாட்களில் யூதர்கள் நாடாளுமன்றச் சதுக்கத்தில் 'போதும் போதும்' என்று திரண்டார்கள். 2009இல் ஈழத் தமிழர்கள் வாரக்கணக்கில் நின்ற அதே சதுக்கம். லண்டன் தமிழர்களுக்குக் கோர்பினை நன்றாகத் தெரியும், நமக்காகப் பேசியவர். ஆகவே நம்மவர்கள் பலர் கேட்டார்கள்: வாழ்நாள் முழுவதும் இனவெறிக்கு எதிராக நின்றவர் மீதா இந்தப் பழி?

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. ஒருமுறை நான் சரியாகப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பிய கேலிச்சித்திரம் ஒரு சமூகத்தைப் புண்படுத்திவிட்டது. யாரையும் இழிவுபடுத்தும் எண்ணம் எனக்கு இல்லை என்று பதில் எழுதினேன். அந்த வாசகர் திரும்ப எழுதினார்: "நான் படத்தைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் உங்கள் மனதைப் பற்றிச் சொல்கிறீர்கள்." இருபது ஆண்டுகள் ஆகியும் அந்த அஞ்சலட்டை என்னிடம் இருக்கிறது.

கோர்பின் மனத்தில் யூத வெறுப்பு இருந்தது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கேள்வி படத்தைப் பற்றியது. இடதுசாரிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. நானும் அந்தப் பக்கம் சாய்ந்தவன்தான், அதனால் சொல்கிறேன். இனவெறி என்றால் வசதியுள்ளவன் ஏழையை மிதிப்பது என்றே நினைப்போம். யூத வெறுப்போ, நீ மேலே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆட்டுகிறாய் என்று குற்றம்சாட்டும் வெறுப்பு. அது முதலாளித்துவ எதிர்ப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். பார்க்கிறவர் கைதட்டிவிடுவார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மீதியை வேகமாகச் சொல்கிறேன். 2018இல் யூத வெறுப்புக்கான சர்வதேச வரையறையில் இருந்த 11 எடுத்துக்காட்டுகளை ஏற்பதா என்று கட்சிக்குள் சண்டை. இஸ்ரேலை விமர்சிக்கும் வாயை அவை அடைத்துவிடும் என்பது ஒரு தரப்பின் அச்சம். அதை அற்பம் என்று தள்ள முடியாது. செப்டம்பரில் எல்லாவற்றையும் ஏற்றார்கள். 2019 தேர்தலில் தொழிற்கட்சிக்குக் கிடைத்தது 202 இடங்கள், 1935க்குப் பிறகு மிக மோசமான எண்ணிக்கை. அதற்கு பிரெக்சிட் உட்பட வேறு காரணங்களும் உண்டு. 2020 அக்டோபரில் சமத்துவ, மனித உரிமை ஆணையம் அறிக்கை தந்தது. யூத உறுப்பினர்களைத் துன்புறுத்தியதிலும் புகார்களைக் கையாள்வதில் தலைவரின் அலுவலகம் தலையிட்டதிலும் கட்சி சட்டத்தை மீறியது என்றது. பிரச்சினையின் அளவை எதிரிகள் அரசியலுக்காக மிகைப்படுத்தினார்கள் என்று கோர்பின் அன்றே சொன்னார். அன்றே கட்சி அவரை இடைநீக்கம் செய்தது.

கட்சியே கேட்டுக்கொண்ட விசாரணையில் 2022இல் வந்த ஃபோர்டு அறிக்கையைப் பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். கட்சிக்குள் கோர்பினை ஆதரித்த, எதிர்த்த இரண்டு கோஷ்டிகளுமே யூத வெறுப்புப் பிரச்சினையை ஒருவர்மீது ஒருவர் வீசும் ஆயுதமாக்கின என்கிறது அது. எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்பார்களே, அதேதான். அந்த வீட்டில் குடியிருந்தவர்களை யாரும்... நேரம் முடிந்துவிட்டது என்கிறார். 2024 தேர்தலில் கோர்பின் தன் பழைய இஸ்லிங்டன் வடக்குத் தொகுதியில் சுயேச்சையாக நின்று தன் முன்னாள் கட்சியையே தோற்கடித்தார் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.